கடலூரில் ஒரே ஒரு மரங்கொத்திதானா? மலைக்காடுகளில் மட்டும் ஏன் இத்தனை இனங்கள்?

மஞ்சக்குப்பம் வாசி எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கடந்த ஓராண்டாகத்தான் பறவைகளைக் கவனித்து வருகிறேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏழு தென்னை மரங்களும் ஒரு வேம்பும் ஒரு பூவரசும் இருக்கின்றன. தென்னைகளில் ஒன்று குருத்து அழுகி, மட்டையெல்லாம் உதிர்ந்து, மொட்டை மரமாக நிற்கிறது. அந்த மரத்தைச் சுற்றியே நான் மூன்று வகை மரங்கொத்திகளைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, பொன்னிற முதுகும் தலை முழுவதும் சிவந்த கொண்டையும் உடையது. இரண்டாவது, அதே முதுகு நிறம் கொண்டதாயினும், நெற்றி கறுத்து, அதில் வெண்புள்ளிகள் தெளித்தது போல இருப்பது. மூன்றாவது, விசிறி போல விரியும் கொண்டையும், கறுப்பு வெள்ளைப் பட்டையிட்ட இறக்கைகளும் உடையது. இது பெரும்பாலும் தரையில் இறங்கி, நீண்ட அலகால் மண்ணைக் குத்திக் கொண்டிருக்கிறது.

பொள்ளாச்சியில் குடியேறிவிட்ட என் பழைய நண்பர் ஒருவர், ஆனைமலைப் பக்கம் சென்று வந்தே பத்து மரங்கொத்தி இனங்களைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, என்னுடைய மூன்றைக் கேட்டுச் சிரிக்கிறார். என் கேள்வி இதுதான்: நம் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் இவ்வளவு மரங்கள் இருந்தும் இனங்கள் ஏன் இத்தனை குறைவு? இதனுடன் சேர்ந்த சிறு கேள்வி ஒன்றும் உண்டு. மரங்கொத்தி கொத்தித்தான் தென்னை பட்டுப்போனது என்று பக்கத்து வீட்டு அண்ணன் உறுதியாக நம்புகிறார். மொட்டை மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். இது உண்மையா?

ஊசுட்டேரிக் கரை எழுதிய பதில்:

ஐயா, வணக்கம். முதலில் ஒரு வருத்தமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் ஒன்றே ஒன்றுதான்.

தலை முழுவதும் சிவந்திருப்பது பொன்முதுகு மரங்கொத்தியின் ஆண். நெற்றி கறுத்து வெண்புள்ளிகளோடு, பின்கொண்டை மட்டும் சிவந்திருப்பது அதே இனத்தின் பெண். மூன்றாவது பறவை மரங்கொத்தியே அன்று; அது கொண்டலாத்தி. தமிழ்நாட்டில் பாதிப் பேர் கொண்டலாத்தியைத்தான் மரங்கொத்தி என்று சொல்கிறார்கள் என்பதால் இதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. சிறு வயதில் எனக்கும் கொண்டலாத்தியின் படத்தைக் காட்டித்தான் மரங்கொத்தி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மரங்கொத்தியாக இருந்தால் அது மரத்தண்டில் செங்குத்தாக ஒட்டிக் கொண்டு, விறைப்பான வால் இறகுகளை முட்டுக் கொடுத்து, தாவித் தாவி மேலே ஏறும். கொண்டலாத்தியால் அது முடியாது. அது தரையில் நடந்து, மண்ணுக்குள் இருக்கும் புழுக்களை எடுத்துத் தின்னும் பறவை.

இனி, இனங்களின் எண்ணிக்கைக்கு வருவோம். உலகில் 230க்கும் மேற்பட்ட மரங்கொத்தி இனங்கள் உள்ளன. இந்தியாவில் முப்பதுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் அடிவாரங்களையும் சேர்த்துக் கொண்டால் ஏறத்தாழ பன்னிரண்டைப் பார்க்கலாம். மலேசியத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளில் ஒரே காட்டுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஆனால் அங்கிருந்து கிழக்கே போகப் போக, சுலாவேசித் தீவில் இரண்டே இனங்கள்தான். அதையும் தாண்டி நியூகினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றால் ஒன்றுகூட இல்லை. மடகாஸ்கரிலும் இல்லை. கடலைக் கடந்து புது நிலத்தில் குடியேறுவதில் இந்தக் குடும்பம் அவ்வளவாகக் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. மடகாஸ்கரில் மரங்கொத்தி செய்ய வேண்டிய வேலையை ஐ-ஐ என்ற லெமூர் (குரங்குக்கு உறவான, மரத்தில் வாழும் விலங்கு) செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அது விரலால் மரத்தைத் தட்டி, உள்ளே புழு குடைந்த வெற்றிடம் இருக்கிறதா என்று காதால் கேட்டு, பல்லால் துளையிட்டு, குச்சி போல மெலிந்த நடுவிரலை உள்ளே விட்டுப் புழுவை வெளியே எடுக்கிறது.

ஆகவே எண்ணிக்கையை இரண்டு காரணங்கள் முடிவு செய்கின்றன: ஒன்று, அந்த நிலத்துக்கு மரங்கொத்திகள் வந்து சேர்ந்த வரலாறு, மற்றொன்று, அங்குள்ள மரம் எப்படிப்பட்டது என்பது. நம் ஊரைப் பொறுத்தவரை இரண்டாவது காரணம்தான் முக்கியமானது.

காலாப்பட்டு மாணவி எழுதிய பதில்:

மேலே ஐயா கடைசியாகச் சொன்னதை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

காலாப்பட்டிலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும்போது வெளியே பார்த்தால், பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி சவுக்குத் தோப்புதான். சவுக்கு நட்ட நான்கைந்து ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டு வண்டி ஏறிவிடுகிறது. எந்த மரமும் முதுமை அடைவதில்லை, எந்தக் கிளையும் பட்டுப்போய் உளுத்துப் போவதில்லை. பட்ட மரம் இல்லாத இடத்தில் வண்டுப் புழுவும் குறைவு, பொந்து குடைய இடமும் இல்லை. மரங்கொத்தியின் கண்ணில் பத்து ஏக்கர் சவுக்குத் தோப்பைவிட உங்கள் வீட்டு மொட்டைத் தென்னை மதிப்பு மிக்கது.

இந்தக் கரையோரத்தின் இயற்கையான காடு என்று சொல்லத்தக்கது, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போன்ற உலர் பசுமைமாறாக் காடுதான். அது மிகவும் பழமையான காடு என்றாலும், மரங்கள் உயரம் குறைந்தவை, தண்டுகளின் பருமனும் அதிகமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வெண்வயிற்று மரங்கொத்தி காக்கையைவிடப் பெரியது. அது குடும்பம் நடத்துமளவுக்குப் பொந்து குடைய வேண்டுமானால் நாம் இரண்டு கையாலும் அணைக்க முடியாத தண்டு வேண்டும். இன்னொரு கோடியில், பழுப்புத் தலைச் சிறு மரங்கொத்தி வெறும் 13 செ.மீ. நீளம்தான்; அது விரல் பருமனுள்ள நுனிக் கிளைகளில் இரை தேடும். இதயப் புள்ளி மரங்கொத்தியும் அப்படியே கிளை நுனிகளில் திரிவது. ஒரே மரத்தில் அடித்தண்டு ஒருவருக்கு, நடுக்கிளை ஒருவருக்கு, நுனி ஒருவருக்கு என்று பாகம் பிரித்துக் கொள்ளும் அளவுக்கு மரம் பெரிதாகவும் காடு அடர்ந்தும் இருந்தால்தான் பத்து இனங்கள் ஒன்றாக வாழ முடியும்.

இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது செம்பழுப்பு மரங்கொத்தி. வாலைத் தூக்கிக் கொண்டு திரியும் ஒருவகை எறும்புகள் மரக்கிளைகளில் பந்து போலக் கட்டும் கூட்டையே அது குடைந்து, எறும்புகள் உள்ளே உயிரோடு இருக்கும்போதே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அந்த எறும்புதான் அதற்கு உணவும். அதை வரவழைக்க வேண்டுமானால் முதலில் எறும்பு வர வேண்டும்.

இதற்கு மாறாக, பொன்முதுகு மரங்கொத்தி எதையும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. தென்னை, பனை, மா, வேம்பு, சாலையோரப் புளி என்று எது கிடைத்தாலும் போதும். எறும்பும் கறையானும் வண்டுப் புழுவும் அகப்பட்டால் நகரத்து நடுவிலும் வாழும். அதனால்தான் நம்மிடம் இருக்கும் அந்த ஒன்று அதுவாக இருக்கிறது.

பலாமரத்தடி எழுதிய பதில்:

நான் பண்ருட்டிப் பக்கத்து விவசாயி. தென்னையைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது தலைகீழான கணக்கு. காய்ச்சல் வந்த வீட்டுக்குத்தான் வைத்தியர் வருவார்; வைத்தியர் வந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் மரம் குருத்து அழுகிப் பட்டுப்போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சிவப்புக் கூன்வண்டு தண்டுக்குள் முட்டையிட்டு, புழு உள்ளே தின்று குழைத்துவிடும். துளையில் பழுப்பு நிறத்தில் சாறு வடியும், காதை வைத்துக் கேட்டால் கரகரவென்று சத்தம்கூட வரும். மரங்கொத்தி அந்தப் புழுவைத் தேடி வருகிறது. நல்ல மரத்திலும் ஒன்றிரண்டு கொத்து விழலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு மரம் செத்து நான் பார்த்ததில்லை.

2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கரை கடந்தபோது எங்கள் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. என் தாத்தா வைத்த பலா மரங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வரப்பில் நின்ற தென்னைகளில் சில தலை முறிந்து வெறும் தண்டாக நின்றன. வெட்டக் கூலி கொடுக்கக் கையில் பணமில்லாததால் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு அவற்றில் ஒன்றின் அடியில் தவிட்டு நிறத்தில் மரச்சிராய்கள் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால், அளந்து வெட்டியது போல வட்டமாக ஒரு துளை. என் பாட்டி தச்சன் குருவி என்று சொல்வது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பொந்தில் முதல் ஆண்டு மரங்கொத்தி குஞ்சு பொரித்தது. அடுத்த ஆண்டு நாகணவாய் (மைனா) புகுந்தது, அதற்கும் அடுத்த ஆண்டு பச்சைக்கிளி. மரங்கொத்தி வேறொரு தண்டில் புதிதாகக் குடைந்தது. கட்டியவருக்கு ஓராண்டுக் குடியிருப்பு, மற்றவர்களுக்கு வாடகையில்லாத வீடு.

மொட்டை மரம் வீட்டின் மேல் சாயும் நிலையில் இருந்தால் அதை விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அடியோடு வெட்டத் தேவையில்லை. ஆள் ஏற்றி, விழுந்தால் சுவரைத் தொடாத உயரத்துக்குக் குறைத்துவிட்டு, மீதித் தண்டை விட்டுவிடலாம். அதற்கு முன்னால் துளைக்குள் குடியிருப்பு உண்டா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ஊசுட்டேரிக் கரை மீண்டும் எழுதியது:

பண்ருட்டி நண்பர் சொன்னதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை. பட்டியல் பற்றி மட்டும் இன்னொன்றைச் சேர்க்கிறேன்.

எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஆனைமலை வரை போக வேண்டியதில்லை. கல்வராயன், ஜவ்வாது போன்ற மலைகளின் இலையுதிர் காடுகளில் பிடரி வெளுத்த வெண்பிடரி மரங்கொத்தியையும், உலர்ந்த திறந்த காடுகளை விரும்பும் மஞ்சள் நெற்றி மரங்கொத்தியையும் தேடிப் பார்க்கலாம். மலைப்பக்கம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அங்கும் பொன்னிற முதுகு கொண்ட வேறு மரங்கொத்திகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு அடிமுதுகு சிவந்திருக்கும், நம் ஊர்ப் பறவைக்குக் கறுத்திருக்கும். பறந்து போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் இது எளிதில் தெரியும்.

ஆனால் வேறுபாட்டைக் காண இனங்களை மட்டுமே எண்ண வேண்டும் என்பதில்லை. உங்கள் தோட்டத்துப் பறவையையே எடுத்துக் கொள்ளுங்கள். பாக் நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் போனால், அங்கும் இதே பொன்முதுகுதான். அங்கிருந்து தெற்கே இறங்க இறங்க, முதுகு சிவந்த உறவினப் பறவை வந்துவிடுகிறது. அதை இப்போது இலங்கைக்கே உரிய தனி இனமாகக் கொள்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில் கலப்பினப் பறவைகளும் உண்டு. ஒரு பறவையின் முதுகு நிறம் வடக்கிலிருந்து தெற்காக மாறிச் செல்வது, பத்து புதிய பெயர்களை எழுதிக் கொள்வதைவிடச் சுவையான விஷயம் என்பது என் கருத்து. உங்கள் பொள்ளாச்சி நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு ஏரிக்கரைக்கு வந்த குழுவொன்று, படம் எடுப்பதற்காக மரங்கொத்தியின் பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் காலை முழுவதும் ஒலிக்கவிட்டுக் கொண்டிருந்தது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுக் கத்திக் கொண்டே அலைந்தது. நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம். விடியற்காலையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே, குதிரை கனைப்பது போன்ற அதன் குரலும், பட்ட கிளையில் அலகால் தாளம் போடும் ஒலியும் கேட்கும். 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. உங்கள் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் அதில் சேர்த்துக் கொள்வார்கள்.

மஞ்சக்குப்பம் வாசி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. என் குறிப்பேட்டில் மூன்று என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக் கொண்டேன். நண்பருக்கும் தொலைபேசியில் சொன்னேன், எதிர்பார்த்தபடியே சிரித்தார். கொண்டலாத்தியைத்தான் அவரும் முதலில் மரங்கொத்தி என்று நினைத்திருந்தார் என்பதைப் பேச்சோடு பேச்சாக அவர் மனைவி போட்டு உடைத்துவிட்டார்.

நேற்று விடியற்காலை நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மொட்டைத் தென்னையில் கிழக்குப் பக்கம், இரண்டு ஆள் உயரத்தில் துளை இருக்கிறது. நெற்றி கறுத்த பெண் பறவை முதலில் வந்து, தண்டின் மறுபக்கத்தில் ஒளிந்து கொண்டு என்னை எட்டி எட்டிப் பார்த்தது. அது துளை வாயில் வந்து ஒட்டியதும் உள்ளிருந்து சிவந்த தலை நீண்டு வெளியே வந்தது. ஒன்று பறந்து போக, மற்றொன்று உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன். தண்டில் கூன்வண்டுத் துளைகளையும் அவரே தடவிப் பார்த்தார். ஆடி கழியட்டும், அப்புறம் மேல்பாதியை மட்டும் இறக்கிக் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.