புதுப்பிப்பு: வைக்கல் போர் நனைஞ்சு தீவனம் இல்லாம நின்னேன்ல, இப்ப ஓரளவு சமாளிச்சாச்சு

மழைல வைக்கல் போர் பாதி அழுகிப்போச்சு, புல்லு தண்ணிக்குள்ள நிக்குது, 3 மாட்டுக்கு என்னத்த போடுறதுன்னு போன மாசம் இங்க கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. கைகொடுத்தது வைக்கல்ல யூரியா தண்ணி தெளிச்சு மூடி வச்சு போடுற யோசனைதான்.

பூசணம் புடிச்சத எல்லாம் எருக்குழில தள்ளிட்டு, காஞ்சதுல 100 கிலோ எடுத்து, 4 கிலோ யூரியாவ 65 லிட்டர் தண்ணில நல்லா கரைச்சு அடுக்கடுக்கா தெளிச்சு மிதிச்சு தார்ப்பாய் போட்டு காத்து போகாம 21 நாள் மூடி வச்சேன். அதுவரைக்கும் ஓட்டுனது நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுற எடத்துல கிடைச்ச கொழுந்தாடைய (கரும்போட பச்சை நுனி) வச்சு, அத சொன்னவருக்கு தனி நன்றி.

பிரிச்சதும் அப்படி ஒரு நெடி, கண்ணெல்லாம் எரியுது! ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுதான் போடணும். எதிர்பாக்காதது என்னன்னா செவலை மாடு 2 நாள் மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கிச்சு, கொழுந்தாடைய பொடிசா நறுக்கி கலந்தப்புறம்தான் வாய வச்சுது. 6 மாசத்துக்கு கீழ உள்ள கன்னுக்கு இத போடாதீங்க, கரைச்ச யூரியா தண்ணிய மாடு வாய் வைக்கிற எடத்துல வைக்கவே வைக்காதீங்க.

பால் பழையபடி இன்னும் ஏறல, ஆனா குறையறது நின்னுடுச்சு.