வாவிக்குள்ளால எழும்புற ராட்சத மிருகம்: சண்டை பாரமாத் தெரிய என்ன செய்யலாம்?

கல்லடிப்_பக்கம்:
கோடோட் கேம் எஞ்சின்ல ரெண்டு பேர் விளையாடுற ராட்சத மிருகச் சண்டை கேம் ஒண்டு செய்யிறம். களம் மட்டக்களப்பு: கல்லடிப் பாலம், கோட்டை, வாவி, முகத்துவாரம், வெளிச்சவீடு. ஒண்டு வாவிக்குள்ளால எழும்புது, மற்றது கடலால வருது. உயரம் 50 மீட்டர். ஒரு யுனிட் ஒரு மீட்டர் எண்டு வச்சிருக்கு. மொடலும் அனிமேஷனும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடவிட்டா ரெண்டு ஆக்கள் அட்டை வீட்டுக்குள்ள நிண்டு அடிபடுற மாதிரிக் கிடக்கு. பாய்ச்சல் இழுபட்டதால ஈர்ப்பை மூண்டு மடங்காக்கினம். அனிமேஷனை மெதுவாக்கினா பட்டன் வேலை செய்யாத மாதிரி இருக்கு. கதையும் மெலிவு: சந்திக்குது, அடிபடுது, ஹெல்த் பார் முடிஞ்சா சரி. எங்க இருந்து திருத்திறது?

கல்முனை_ஃப்ரேம்:
முதல்ல ஈர்ப்பை 9.8க்குத் திருப்பி வைங்க மச்சான். சின்ன ஆள் ஓடிப் பாயிற கேம்ல ஈர்ப்பைக் கூட்டுறது சரி. இஞ்ச அது மிருகத்தைச் சுருக்கிப்போடும். 50 மீட்டர் உயரத்தில இருந்து கல்லு விழ 3.2 செக்கன் எடுக்கும். அதே கல்லு ஒரு செக்கன்ல நிலத்துக்கு வந்தா, பாக்கிறவன்ட கண் அதை 5 மீட்டர் உயரமாத்தான் எடுக்கும்.

கணக்கு இதுதான்: நீளம் எத்தினை மடங்கோ, அதின்ட வர்க்கமூலம் அளவுக்கு நேரம் கூடணும். 1.7 மீட்டர் ஆள் 50 மீட்டரானா 29 மடங்கு, அப்ப நேரம் 5.4 மடங்கு. பழைய ஜப்பான் மிருகப் படங்களில சின்ன மொடல்களைக் கூடின ஃப்ரேம் வேகத்தில எடுத்து மெதுவா ஓட்டினதும் இதுக்குத்தான். ஆனா அப்பிடியே எடுத்தா 0.3 செக்கன் குத்து 1.6 செக்கனாகும், ஒருத்தனும் விளையாட மாட்டான். அதால நேரத்தைப் பிரிச்சுக் குடுங்க. செக்கனுக்கு 60 ஃப்ரேம் வேகத்தில பாரமான அடிக்கு ஆயத்தம் 26 ஃப்ரேம், அடி விழுறது 5, மீளுறது 38. கை விரைவாத்தான் போகணும். அதை நிப்பாட்ட உடம்பு படுற பாட்டிலதான் பாரம் தெரியும்.

பட்டன் செத்த மாதிரி இருக்கிறதுக்கு மருந்து: அமத்தி 3 ஃப்ரேமுக்குள்ள ஏதாவது அசையணும். தோள் பின்னுக்குப் போகட்டும், கால் சேத்துக்குள்ள புதையட்டும். முதல் 8 ஃப்ரேமுக்குள்ள தடுப்புக்கு மாறலாம், அதுக்கு மறுகா விடாதீங்க. இன்புட் பஃபர், அதாவது முந்தி அமத்தின பட்டனை நினைவில வச்சிருக்கிற நேரம், 12 ஃப்ரேம். பாரமான அடி கிளம்பினப் பிறகு சின்ன அடி பட்டா ஹெல்த் குறையட்டும், அசைவு முறியக்கூடாது. முறிஞ்சா லேசான அடியை மட்டும் அமத்திக்கொண்டு நிக்கிறவன்தான் எப்பவும் வெல்லுவான்.

அடி பட்ட இடத்தில ரெண்டு மிருகத்தையும் உறைய வைங்க: லேசானதுக்கு 4 ஃப்ரேம், பாரமானதுக்கு 11. தூசியும் தண்ணியும் உறையக்கூடாது, அது ஓடட்டும்.

தண்ணிதான் கனபேர் கோட்டை விடுற இடம். 20 மீட்டர் எழும்புற தெறிப்பு மேல போக 2 செக்கன், கீழ வர 2 செக்கன். தெறிப்புத் துளியளின்ட (பார்ட்டிக்கிள்) ஆயுள் ஒரு செக்கன் எண்டு விட்டா வாளிக்குள்ள கை அடிச்ச மாதிரித்தான் இருக்கும்.

கமராவில தூரத்தை மங்கலாக்கிற டெப்த் ஒஃப் ஃபீல்ட் போட்டிருந்தா இப்பவே எடுங்க. பின்புலம் கலங்கினா எந்தப் பட்டணமும் பொம்மையாத்தான் தெரியும். அதுக்குப் பதிலா மெல்லிய பனிப்புகார் போடுங்க. செங்குத்துப் பார்வைக் கோணம் 40 பாகை, கிட்டத்தட்ட 165 மீட்டர் தூரம் எண்டா 120 மீட்டர் உயரம் திரைக்குள்ள அடங்கும். அந்தத் தூரத்துக்குச் சத்தம் வர அரைச் செக்கன் எடுக்கும். காலடிச் சத்தத்தை அவ்வளவு பிந்தி விடுங்க, பெருசு எண்டு காது சொல்லும். அடிச் சத்தத்தைப் பிந்த விடாதீங்க, அது விளையாடுறவனுக்குப் பதில்.

பாலமீன்மடு_ஆள்:
தம்பி, கதையைப் பத்திச் சொல்றன். வாவி பெரும்பாலான இடத்தில சில மீட்டர்தான் ஆழம். 50 மீட்டர் மிருகம் நிண்டா தண்ணி கணுக்காலுக்குத்தான். அது வாவிக்குள்ள ஒளிஞ்சு கிடந்த கதையை எங்கட ஊர்ப் பிள்ளைகள் நம்பாது. திருக்கை மாதிரித் தட்டை உடம்பு குடுங்க. சேத்தில படுத்தா அடி குறைவாப் படும், ஆனா அது அடிச்சா மற்றதுக்கு எட்டாது. எழும்பினா எட்டும், ஆனா வயிறு திறந்து கிடக்கும். ரெண்டு நிலையும் உங்கட சண்டைக்குள்ளயே வந்திடும்.

ஏன் அடிபடுது? விடை முகத்துவாரத்தில கிடக்கு. வெயில் காலத்தில மண் திட்டு வாயை மூடும், மாரியில வெட்டித் திறப்பாங்க. வாவி மிருகத்துக்கு உள்ள முட்டை. பொரிக்கும் வரைக்கும் திட்டு மூடிக் கிடக்கணும். கடல் மிருகத்துக்கு உள்ள வரணும். அப்ப ஹெல்த் பாரோட திட்டுக்கும் ஒரு பார் வைங்க. அதுக்குக் கிட்ட விழுற ஒவ்வொரு பாரமான அடியும் திட்டை அரிக்கும். உடைஞ்சா வாவித் தண்ணி இறங்கும், படுத்துக் கிடக்கிற மறைப்பும் போகும்.

முதல் சுற்று வெயில், ரெண்டாவது மழை, மூண்டாவது வெள்ளம். வெள்ளத்தில திட்டு உடையாட்டி ஊருக்குள்ள தண்ணி ஏறும், முட்டையும் அடிச்சுக்கொண்டு போகும். அப்ப இவ்வளவு நேரமும் காத்த மிருகமே திட்டை உடைக்கிறதா விடுறதா எண்டு முடிவெடுக்கணும். வெட்டுக்காட்சி ஒண்டும் தேவையில்லை.

எங்கட வாவியில கேக்குற மீன் பாட்டையும் வீணாக்காதீங்க. முட்டைக் கூட்டம் ஒண்டுக்கு ஒரு சுரம். ஒண்டு அழிஞ்சா அந்தச் சுரம் நிக்கும். வெளிச்சவீடு 28 மீட்டர், மிருகத்தில பாதிக்குக் கொஞ்சம் மேல. அளவு காட்ட அதைத் திட்டுப் பக்கமா எப்பவும் திரையில வைங்க.

கல்லடிப்_பக்கம்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி, திட்டுப் பாரை இண்டைக்கே தொடங்குறம். கட்டடங்கள் உடையேக்க பழைய லெப்டொப்பில ஃப்ரேம் விழுந்து போகுது, அதுக்கு என்ன வழி?

கல்முனை_ஃப்ரேம்:
ஓடேக்க வெட்டாதீங்க. பிளெண்டர் எண்ட 3டி மென்பொருள்ல ஒவ்வொரு கட்டடத்தையும் 15, 20 துண்டா முதல்லயே உடைச்சு வைச்சு, அடி பட்ட ஃப்ரேமில முழு மொடலை மறைச்சிட்டுத் துண்டுகளைக் காட்டுங்க. துண்டு நிலத்தில மட்டும் மோதட்டும். துண்டும் துண்டும் மோதுறதுதான் சிபியூவைத் தின்னுறது, எது எதோட மோதலாம் எண்டு சொல்ற கொலிஷன் மாஸ்க்கில அதை நிப்பாட்டுங்க. 4 செக்கனுக்குப் பிறகு பௌதிகத்தை நிப்பாட்டி அசையாத மெஷ்ஷா விடுங்க. கோடோட் 4.4 இல இருந்து ஜோல்ட் எண்ட பௌதிக எஞ்சின் உள்ளயே வருது, செட்டிங்ஸ்ல 3டி பௌதிக எஞ்சினை அதுக்கு மாத்திப் பாருங்க.

துண்டு விழுற வேகம் பத்தி ஒண்டு: வெடிச்ச மாதிரி பக்கவாட்டில எறியாதீங்க. கீழ்மாடி முதல் போய், மேல்மாடி அதுக்கு மேல இருந்தாப் போதும். மிச்சத்தைத் தூசி பாத்துக்கொள்ளும்.