பின் சக்கரத்தில் மறுபடியும் கம்பி போச்சு

கார்த்தி: சைக்கிள் பின் சக்கரத்தில் மறுபடியும் ஒரு போக்ஸ் கம்பி போச்சு. போன முறை மாற்றியது இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த பழையது. பள்ளத்தில் எல்லாம் விடவில்லை, சமமான ரோட்டில் போகும்போதே டிங் என்று சத்தம், அப்புறம் ரிம், அதாவது வெளி வளையம், பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது

லட்சுமி அத்தை: அடி எதுவும் படலையே?

கார்த்தி: இல்லை அத்தை, நன்றாக இருக்கிறேன். பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஓட்டி வந்துவிட்டேன்

செல்வம் சித்தப்பா: எந்த இடத்தில் உடைந்தது? சக்கர நடுவில் ஹப் பக்கம் கம்பி வளைகிற இடத்திலா, ரிம் பக்கம் மரையிலா? படம் எடுத்துப் போடு

கார்த்தி: 📷 வளைவில்தான் சித்தப்பா. செயின் இல்லாத பக்கம்

பிரவீன்: டேய், நீ கொஞ்சம் எடையைக் குறைத்தால் கம்பியும் பிழைக்கும் 😂

மீனா அக்கா: பிரவீன், நீ முதலில் சைக்கிளில் ஏறு, அப்புறம் பேசு

செல்வம் சித்தப்பா: எடை ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. போன முறை மெக்கானிக் என்ன செய்தார்?

கார்த்தி: கம்பியெல்லாம் இறுக்கம் அதிகம், அதனால்தான் உடைகிறது என்று சொல்லி எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்திக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்

செல்வம் சித்தப்பா: அங்கேதான் கெட்டது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இறுக்கமாக இருக்கிற கம்பி அவ்வளவு சுலபமாக உடையாது, தொய்வாக இருக்கிற கம்பிதான் உடையும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது தரையைத் தொடுகிற பக்கத்துக் கம்பிகளில் இழுவிசை குறையும், மேலே போனதும் திரும்ப ஏறும். உன் 700 சி அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 470 சுற்று சுற்றும், அப்படியானால் 1000 கிலோமீட்டரில் நாலரை லட்சத்துக்கும் மேல். கம்பி போதுமான இறுக்கத்தில் இருந்தால் எவ்வளவு குறைந்தாலும் மிச்சம் கொஞ்சம் இழுவை இருக்கும். தொய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து வளைவு ஹப் துளையில் ஆடும், கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிறோமே, அதே வேலை. அதனால்தான் சமமான ரோட்டில், ஒன்றுமே இல்லாத இடத்தில் போகிறது

கார்த்தி: செயின் பக்கம்தானே பாரம் அதிகம், ஏன் இந்தப் பக்கம் உடைகிறது?

செல்வம் சித்தப்பா: பின் ஹப்பில் கேசட்டுக்கு, அதாவது கியர் பல்சக்கர அடுக்குக்கு, இடம் விட வேண்டும், அதனால் செயின் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், மறு பக்கம் சாய்வாக நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் சாய்ந்த பக்கம் இறுக்கம் குறைவாகத்தான் இருக்கும், 11 கியர் வண்டியில் சில வீல்களில் ஏறக்குறைய பாதிதான். ஏற்கெனவே பாதி, அதையும் அவர் தளர்த்திவிட்டார்

மீனா அக்கா: செயின் பக்கம் உடைந்தால், பெரிய பல்லைத் தாண்டிச் செயின் உள்ளே விழுந்து கம்பியைக் கீறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவனுக்கு அது இல்லை

கார்த்தி: சரி, இப்போது உடைந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

செல்வம் சித்தப்பா: ஒன்று உடைந்தால் மாற்றிக்கொண்டு ஓட்டலாம். அதே பக்கம் அடுத்ததும் போனால், மீதியும் அதே அளவு தேய்வைத் தாங்கியவைதான், வரிசையாகப் போகும். அந்தப் பக்கம் முழுக்கப் புதுக் கம்பி போட வேண்டும். அதற்கு முன்னால் ரிம்மைப் பார். கம்பியை ரிம்மில் பிடிக்கிற சின்ன நட்டுதான் நிப்பிள், அதன் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலோ, பிரேக் பிடிக்கிற இடம் உள்பக்கமாகக் குழிந்திருந்தாலோ அந்த ரிம்முக்குச் செலவு செய்யாதே

கார்த்தி: ரிம்மில் விரிசல் இல்லை. ஆனால் பிரேக் இடம் லேசாகக் குழிந்திருக்கிறது 😬 வீலில் மொத்தமே 24 கம்பி

செல்வம் சித்தப்பா: அப்படியானால் புது வீல் வாங்கு. ஹப்பில் 24 துளைதான் என்பதால் அதில் 32 துளை ரிம் போட முடியாது, முழு வீலாகத்தான் மாற்ற வேண்டும்

மீனா அக்கா: நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் சித்தப்பா. 24 துளை ரிம் மட்டும் வாங்கி, அதே ஹப்பில் நல்ல கம்பி போட்டுச் சரியாகக் கட்டினால் ஓடும். நான் 24 கம்பி வீல்தான் ஓட்டுகிறேன், இதுவரை ஒன்றுமில்லை

செல்வம் சித்தப்பா: நீ இவனைவிட எவ்வளவு எடை குறைவு, பை மாட்டுவதும் இல்லை. 24இல் ஒன்று போனால் ரிம் உடனே வளைந்து உரசும், 32இல் ஒன்று போனால் லேசாகத்தான் ஆடும், வீடு வந்து சேரலாம். இவனுக்கு அதுதான் வேண்டும்

பிரவீன்: எடை கூடுமே, அண்ணன் வேகம் போச்சு

செல்வம் சித்தப்பா: நடுவில் மெலிந்த கம்பி ஒன்று சுமார் 6 கிராம், பித்தளை நிப்பிள் 1 கிராம். 8 கம்பி கூடினால் 60 கிராம்கூட இல்லை. அவன் தண்ணீர் பாட்டிலில் இரண்டு வாய் குறைத்துக்கொள்ளட்டும்

கார்த்தி: 😂 அப்போது என்ன பார்த்து வாங்க வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள்

செல்வம் சித்தப்பா: பின்னால் 32, முன்னால் 28 போதும். மூன்று குறுக்குப் பின்னல், அதாவது ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்து மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். கம்பி இரு முனையில் 2.0, நடுவில் 1.8 மில்லிமீட்டர் உள்ளது. நடுப்பகுதி மெலிந்திருந்தால் அங்கே நீண்டு கொடுக்கும், வளைவில் பாரம் குறையும், அதனால் முழுக்க ஒரே தடிமனான கம்பியைவிட அதிகம் உழைக்கும். நிப்பிள் பித்தளை, அலுமினியம் வேண்டாம், அது அரித்து இறுகிக்கொள்ளும். நிப்பிள் துளை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளியிருக்கிற ரிம் கிடைத்தால் அதை எடு, இரண்டு பக்க இறுக்கத்துக்கும் வித்தியாசம் குறையும். அந்தந்த கம்பெனிக்கென்றே தனியாக வருகிற, வளைவு இல்லாத நேர்க் கம்பி, தட்டைக் கம்பி வீல் எல்லாம் பார்க்க அழகு, உடைந்தால் மாற்றுக் கம்பி தேடி அலைய வேண்டும்

மீனா அக்கா: அதைவிட முக்கியம் யார் கட்டுகிறார்கள் என்பது. கட்டியதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்திவிட்டு மறுபடியும் கோட்டம் எடுக்க வேண்டும், மெஷினில் கட்டி வருகிற மலிவு வீல்களில் பல நேரம் இதைச் செய்வதில்லை. செயின் பக்கம் 100 முதல் 120 கிலோ இழுவிசை, ஆனால் ரிம் கம்பெனி சொல்கிற உச்சவரம்பைத் தாண்டாமல்

செல்வம் சித்தப்பா: இதில் மீனா சொல்வதுதான் சரி. மோசமாகக் கட்டிய 36 கம்பி வீலைவிட ஒழுங்காகக் கட்டிய 28 மேல்

லட்சுமி அத்தை: இவ்வளவு விஷயமா ஒரு போக்ஸ் கம்பியில்! அதுவரை ஓட்டாதே கார்த்தி

கார்த்தி: அத்தை, ஆபீஸ் போக வேண்டுமே. சித்தப்பா, புது வீல் வரும்வரை இதை ஓட்டலாமா?

செல்வம் சித்தப்பா: செயின் இல்லாத பக்கம் என்பதால் கேசட் கழற்ற வேண்டியதில்லை, நீயே மாற்றலாம். புதுக் கம்பியை நிப்பிளில் மாட்டி, அதே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டிப் பார், சத்தம் ஒரே மாதிரி வரும்வரை இறுக்கு. பிறகு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்று, ரிம் ஒரு பக்கம் இழுத்தால் செயின் பக்கத்தையும் கொஞ்சம் ஏற்று. டயர் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும், ஹப் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும், குழம்பாதே. நிப்பிளுக்குச் சரியான சாவியைப் போடு, சற்றே பெரியதைப் போட்டால் முனை மழுங்கிவிடும்

கார்த்தி: கம்பி நீளம்?

செல்வம் சித்தப்பா: உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முனைவரை அள. செயின் பக்கமும் மறு பக்கமும் நீளம் வேறு, அதனால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக்கொள்

கார்த்தி: மரைத் துண்டு நிப்பிளோடு ரிம்மில் தொங்குகிறது. கழற்றி அளந்து சாயங்காலம் போடுகிறேன்