வைரஸ் காய்ச்சலுக்குப் பின் நீடிக்கும் மூச்சிரைப்பு: ஈசிஜி மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். 46 வயதான என் மனைவிக்குக் கொரோனா குணமாகி 3 மாதங்களுக்கு மேலாகியும், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பும் படபடப்பும் வருகின்றன. ஈசிஜியும் மார்பு எக்ஸ்ரேயும் இயல்பாக இருப்பதால் ஓய்வெடுத்தால் போதும் என்கிறார் மருத்துவர். இதயத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடலாமா, எம்ஆர்ஐ வரை பார்க்க வேண்டுமா?

மறுமொழி 1:
ஐயா, நான் எக்கோ (மீயொலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்கும் பணியில் இருப்பவன். ஈசிஜி இதயத்தின் மின்னியக்கத்தைப் பதிவுசெய்யுமே தவிர, தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதையோ, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதையோ உறுதியாகச் சொல்லாது. அதற்கு எக்கோதான் வேண்டும். அதற்கு முன் என்டி-ப்ரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை செய்யலாம். அது மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த அளவு குறைத்தே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. இதயத்தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் இப்போது இயல்பாக இருந்தாலும், காய்ச்சலின்போது இதயத்தசை அழற்சி இருந்ததில்லை என்று அதை வைத்து முடிவு கட்ட இயலாது. எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. இவற்றில் ஏதேனும் பிசகினாலோ, அழற்சி இருக்கலாம் என்று மருத்துவர் வலுவாக ஐயுற்றாலோ எடுப்பது முறை.

மறுமொழி 2:
எக்கோ இயல்பாக வந்தாலும் தேடலை நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சற்று நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள், இரத்த அழுத்தம் விழாமலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நீடித்தால், அது பாட்ஸ் என்னும் தன்னியக்க நரம்புக் கோளாறாக இருக்கலாம். இது கொரோனாவுக்குப் பின் பலரிடம் காணப்படுகிறது, படபடப்புக்கும் காரணமாகிறது. இரத்தசோகையும் தைராய்டும் இதே தொல்லையைத் தரக்கூடியவை என்பதால், செலவு குறைந்த அந்த இரத்தப் பரிசோதனைகளை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அழற்சி இல்லை என்று தெளிவாகும் வரை கடும் உடற்பயிற்சியும், தாமாகவே போய்ச் செய்துகொள்ளும் டிரெட்மில் சோதனையும் வேண்டாம். மார்பு வலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், நுரையீரலில் இரத்தம் உறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. புறநோயாளிப் பிரிவுக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.