போப்பா எரிமலையும் பகான் கோயில்களும் ஒரே நாளில்: போய்வந்தவர்களின் அனுபவங்கள்

யாங்கோனிலிருந்து:

இங்கே பர்மாவில் குளிர்காலம் வந்துவிட்டால் போதும், "பகானுக்குப் போகிறோம், போப்பா மலையையும் அதே நாளில் பார்த்துவிடலாமா?" என்று நம்மவர்கள் யாராவது கேட்கிறார்கள். பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர்தான். காரில் ஒன்றரை மணி நேரம். ஆனால் விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பிவிடுங்கள். பகானைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகானில் எந்தக் கோயிலைப் பார்ப்பது, எதை விடுவது என்பதையும் அந்த மலையை வைத்தே முடிவு செய்யுங்கள். 3,500-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் பரந்து கிடக்கும் சமவெளி அது. அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்குச் செங்கல் சுவர்தான் நினைவில் நிற்கும்.

முதலில் மலையைப் பற்றி. படங்களில் நாம் எப்போதும் பார்ப்பது உச்சியில் தங்கக் கோபுரங்கள் மின்னும் செங்குத்துப் பாறையை. அதன் பெயர் தாங் கலாத். எரிமலையின் வாய்க்குழாய்க்குள் குழம்பு இறுகிக் கல்லாகி, சுற்றியிருந்தவை அரித்துப் போனபின் எஞ்சிய பாறை அது. கடல் மட்டத்திலிருந்து 737 மீட்டர் உயரம், ஏறுவதற்கு 777 படிகள். பஸ்ஸில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஏறி இறங்கிவிட்டு "போப்பாவுக்குப் போய்வந்தோம்" என்கிறார்கள். அந்தப் பாறைக்குப் பின்னால் காடு போர்த்தி நிற்கிறதே, அதுதான் 1,518 மீட்டர் உயரமுள்ள போப்பா எரிமலை. கடைசியாக வெடித்து ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் ஒரு பக்கம் இடிந்து சரிந்துவிட்டதால், வாய் முழு வட்டமாக இல்லாமல் வடமேற்கே திறந்த லாட வடிவில் இருக்கிறது. கால் ஒத்துழைக்கிறவர்கள் இதில்தான் ஏற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏறி இறங்க அரை நாள் பிடிக்கும். தனியாகப் போகாதீர்கள்; பாதை பல இடங்களில் புதருக்குள் மறைந்துவிடுகிறது. அடிவாரக் கிராமத்துக்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு போனோம். அதிகம் பேசாத மனிதர். காட்டுக்குள் நுழைந்து சிறிது தூரம் போனதும் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மேலே கிளைகள் அசைந்தன. சாம்பல் நிற உடல், நீண்ட வால், கண்களைச் சுற்றி வெள்ளை வளையம். ஓசை வராமல் நின்று பார்த்தோம். எங்களை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு அது அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. அந்தப் போப்பா மந்தியைத் தனி இனம் என்று அறிவியலாளர்கள் அறிவித்ததே 2020-இல்தான். உலகத்திலேயே மொத்தம் இருநூற்றுச் சொச்சம்தான் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் நூறு அளவில் இந்த மலையில் வாழ்கின்றன. அந்தக் காட்டில் சத்தம் போடாதீர்கள், தின்பண்டம் எதையும் எறியாதீர்கள்.

மேலே விளிம்பில் நின்றால் சரிந்துபோன பக்கம் முழுதும் தெரிகிறது. காலடியில் கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கறுத்த கல், உடம்பெல்லாம் ஊசி குத்தியது போன்ற துளைகள். குழம்புக்குள் இருந்த வாயு வெளியேறிய தடம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சுற்றிலும் வறண்ட மத்தியச் சமவெளி காய்ந்து கிடக்க, இந்த மலை மட்டும் பச்சைப் பசேலென்று இருப்பதற்குக் காரணம் எரிமலை மண்ணும் உயரமும் ஊற்றுகளும்தான். அந்தச் சமவெளிக்காரர்கள் இதைத் தெய்வமாக நினைத்ததில் வியப்பே இல்லை.

பகானுக்குத் திரும்பும் சாலையின் இருபுறமும் பனை. பனையேறி ஒருவரின் குடிசை முன் ஓட்டுநர் அக்கோ காரை நிறுத்தினார். அடுப்பில் பெரிய இரும்புச் சட்டி, அதில் பதநீர் கொதித்து நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் பாகை விரலில் தொட்டுப் பதம் பார்த்து, இறக்கி, கிண்டி, சூடு ஆறும் முன் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டிப் போட்டார். பதநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அதையும் எடுத்துக் காட்டினார். என் அப்பா திருநெல்வேலிச் சீமை பற்றித் தம் தாத்தா சொன்ன கதைகளை ஓயாமல் சொல்வார். கருப்பட்டி வாசனை வந்ததும் கார் கதவைத் திறந்து முதலில் இறங்கியவர் அவர்தான்.

பகானில் நாங்கள் முதலில் போன இடம் தராபா வாசல். பழைய மதிலில் இன்று எஞ்சி நிற்கும் வாசல் அது ஒன்றுதான். இருபுறமும் மாடத்துக்குள் அண்ணனும் தங்கையுமாக இரண்டு நாட் தேவதைகள். பர்மியர் வணங்கும் காவல் ஆவிகளுக்குத்தான் நாட் என்று பெயர். அந்த இருவரின் கதை இது: தகாங் நகரத்தில் பெரும் பலசாலியான கொல்லன் ஒருவன் இருந்தான். அவனைக் கண்டு அஞ்சிய அரசன், அவன் தங்கையை மணந்துகொண்டு, அவனையும் நயமாக வரவழைத்து, சண்பக மரத்தில் கட்டித் தீ வைத்தான். தங்கையும் அதே தீயில் குதித்துவிட்டாள். இருவரும் அந்த மரத்திலேயே தங்கி, நிழலுக்கு வந்தவர்களையெல்லாம் வதைத்தார்களாம். மரத்தை வெட்டி ஐராவதி ஆற்றில் விட்டார்கள். அது மிதந்து பகானுக்கு வந்து சேர்ந்தது. பகான் அரசன் அந்த மரத்திலேயே இருவரின் உருவத்தையும் செதுக்கி, போப்பா மலையில் குடிவைத்தான். மகாகிரி என்று பர்மியர் வீடுதோறும் தேங்காய் கட்டி வணங்குவது அந்த அண்ணனைத்தான். காலையில் மலையில் அவர்களுடைய வீட்டைப் பார்த்துவிட்டு, மாலையில் அவர்கள் காவல் நிற்கும் வாசலுக்கு வந்து பாருங்கள். வரிசையை மாற்றினால் இந்த நிறைவு கிடைக்காது.

மோல்மீனிலிருந்து:

எரிமலையில் ஏற முடியாதவர்களும் போப்பாவுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். என் மாமியாருக்கு மூட்டுவலி. அவருக்கு 777 படிகளே எட்டாத கனவு. பிள்ளைகளும் கணவரும் தாங் கலாத்தில் ஏற, நானும் அத்தையும் அடிவாரத்துச் சன்னதியில் இருந்துவிட்டோம். போப்பா மெடோ என்று மலைக்குத் தாயாக வணங்கப்படுகிறவளும் மற்ற நாட் தேவதைகளும் ஆளுயரச் சிலைகளாக, பட்டு உடுத்தி, வரிசையாக நிற்கும் இடம் அது.

அத்தை எந்தக் கோயிலுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். வெளியே கடையில் தேங்காயும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே கொடுத்துவிட்டு, உடைத்துத் தருவார்கள் என்று கையை நீட்டியபடி நின்றார். அங்கிருந்த பர்மியப் பெண்மணி சிரித்துக்கொண்டே தலையசைத்தார். தேங்காயைக் காம்பு முறியாமல் தட்டின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பழச் சீப்புகளை அணைத்து வைத்து, முழுதாகத்தான் படைப்பார்களாம். அந்தத் தட்டை அத்தையின் கையிலேயே கொடுத்து, தானும் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தூக்கிக் காட்டச் சொன்னார். அத்தைக்குப் பர்மியம் சரளமாக வரும் என்பதால் இருவரும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கதை, கால்வலித் தைலம், யாருக்கு எந்த நோன்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. மலையில் ஏறியவர்கள் இறங்கி வந்தபோது அத்தையை அங்கிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஏறுகிறவர்களுக்கு: செருப்பைக் கீழேயே கழற்ற வேண்டும். படிகளில் குரங்குகள் அதிகம். பழம், பிஸ்கட், தண்ணீர்ப் பாட்டில் எதுவும் கையில் தெரியக்கூடாது. என் மகனின் கண்ணாடியை நல்லவேளை முன்கூட்டியே பைக்குள் வைத்திருந்தோம். படியைக் கழுவித் துடைத்துக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களுக்குச் சில்லறை கொடுங்கள். அந்தக் குரங்குக் கூட்டத்தின் நடுவே படியைச் சுத்தமாக வைப்பது லேசான வேலை அல்ல. பன்றி இறைச்சி சாப்பிட்டுவிட்டோ, எடுத்துக்கொண்டோ அந்த மலைக்குப் போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். சிவப்பும் கறுப்பும் உடுத்துவதையும் தவிர்ப்பார்கள். நயோன், நடோ என்னும் பர்மிய மாதங்களின் பௌர்ணமிகளில் திருவிழா. அப்போது கூட்டம் நெரியும்.

தட்டோனிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பன்றி இறைச்சி வழக்கத்தின் காரணத்தைச் சகோதரி எழுதவில்லை. அது எங்கள் ஊரோடு சேர்ந்த கதை. கப்பல் உடைந்து தட்டோன் கரையில் ஒதுங்கிய இரண்டு சகோதரர்களில் ஒருவன் பியாட்டா. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் என்று சொல்வார்கள். அண்ணனை இழந்து பகானுக்குத் தப்பிப்போன அவனுக்கு அனௌரதா அரசர் கொடுத்த வேலை, போப்பாவிலிருந்து தினமும் பூப்பறித்து வருவது. அதுவும் ஒரு நாளில் பத்து முறை! அந்த மலையில் பூக்களையே உண்டு வாழ்ந்த பெண்மீது அவன் காதல் கொண்டான். பூ வரத் தாமதமானது. அரசர் அவனைக் கொன்றுவிட்டார். அந்தப் பெண்தான் போப்பா மெடோ. அவன் நினைவாகத்தான் அந்த மலையில் பன்றி இறைச்சி விலக்கு. நீங்கள் காரில் போகும் அதே வழியைக் கதையில் அவன் ஓடிக் கடந்தான். சாலையில் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

யாங்கோனில் நம் காளியம்மன் கோயில் இருக்கும் சாலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரே, அதே அனௌரதாதான். 1044 முதல் 1077 வரை ஆண்டவர். 1057-இல் தட்டோனை வென்று எங்கள் மன்னர் மனுகாவைச் சிறைப்பிடித்துப் போனார் என்று வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. பகானுக்குத் தெற்கே மியின்கபா கிராமத்தில் மனுகா கோயில் இருக்கிறது. நெருக்கமான அறைக்குள் மூச்சு முட்டும்படி பெரிய புத்தர். சிறையில் இருந்தவரின் மனம் என்று மக்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே நன்பயா. அதன் உள்தூண்களில் தாமரை ஏந்திய பிரம்மா, மூன்று முகங்கள் தெரிய, கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறார். இருட்டாக இருக்கும், சிறிய டார்ச் எடுத்துப் போங்கள். மேலிருந்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் இமைகள்கூடத் தெரியும்.

தமிழர்கள் மியின்கபாவைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. தொடக்கத்தில் முகுந்தமாலையிலிருந்து ஒரு வடமொழிச் சுலோகம், கிரந்த எழுத்தில். பிறகு தமிழ் உரைநடை. மலைமண்டலத்து மகோதையர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், இந்த ஊரில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவும் இட்டு, எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். பல நாட்டு வணிகர்கள் சேர்ந்து எழுப்பிய பெருமாள் கோயில். கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து கடலும் ஆறும் கடந்து வந்தவர், கதவையும் விளக்கையும் மறக்காமல் எழுதி வைத்தார்! நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை. பழைய மதிலுக்குள் தட்பியின்யூ கோயிலுக்கு மேற்கே உள்ள நாட்லாங் சௌங்கையும் பாருங்கள். பகானில் எஞ்சியிருக்கும் ஒரே இந்துக் கோயில் அதுதான். திருமாலுக்கு உரியது, புறச்சுவர் மாடங்களில் அவதாரச் சிற்பங்கள் சில இன்னும் இருக்கின்றன.

மண்டலேயிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை. பகானின் அழகு சூரியன் எழும்போதுதான். மூடுபனிக்குள் கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் துலங்குவதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் காரில் போவதா? காலையில் பகான், பிறகு தாங் கலாத், அவ்வளவே போதும். எரிமலை ஏற்றத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மற்றபடி, பழைய படங்களைப் பார்த்து யாரும் கோயில் மாடிகளில் ஏற முயல வேண்டாம். 2016 ஆகஸ்டு நிலநடுக்கத்தில் நானூறு அளவிலான கோயில்கள் சேதமடைந்தன. மேலே ஏறுவதற்குத் தடை இருக்கிறது. உதயம் பார்க்க மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள்.

யாங்கோனிலிருந்து, மறுமொழி:

மண்டலே நண்பருக்கு: இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலையில் உதயத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும். ஒரே பகல்தான் இருக்கிறது என்றால் நான் மலையைத்தான் சொல்வேன். உச்சி வெயிலில் எரிமலை ஏறுவது உடம்புக்கு ஆகாது. பிற்பகலில் கோயில்களுக்குள் சுவர் தடிமனால் குளிர்ச்சி இருக்கிறது. அந்த நேரத்துக்கு உள்ளே இருப்பதுதான் சுகம்.

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபின் என் வரிசையில் மியின்கபாவைச் சேர்த்துவிட்டேன். நான்கு மணிக்கு மேல் இருப்பது இரண்டு மணி நேர வெளிச்சம்தான் என்பதால், தராபா வாசல், நாட்லாங் சௌங், மியின்கபா என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனந்தா கோயிலையும் ஷ்வேசிகோன் பகோடாவையும் மறுநாளுக்கு விடுங்கள். ஷ்வேசிகோனுக்குப் போனால் வளாகத்தில் 37 நாட் தேவதைகளுக்கும் தனிக் கூடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தலைவராக நிற்கும் தஜாமின் நம் இந்திரன்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மார்ச் தாண்டினால் அந்தச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இன்னொன்று, இப்போதைய நிலையில் இதுதான் முக்கியம்: கிளம்புவதற்கு முந்தைய நாள் பகானை அடுத்த ஞாங்ஊ ஊரில் இருக்கும் ஓட்டுநரிடமோ விடுதிக்காரரிடமோ சாலை நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைக்கு மலையை விட்டுவிடுங்கள். அடையாள அட்டையை எல்லோரும் கையிலேயே வைத்திருங்கள். சோதனைச் சாவடிகளில் பெரியவர்களுடையதையும் கேட்பார்கள். இருட்டுவதற்கு முன் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். அத்தையைப் போல மூட்டுவலி உள்ளவர்கள் உங்களோடு வந்தால், எரிமலை ஏறுகிறவர்களும் அடிவாரத்தில் இருக்கிறவர்களும் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று கார் நிற்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போனபின் தொலைபேசியை நம்ப முடியாது.