வலையில் சிக்கும் உயிர்களைப் படமெடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்குத் தேனி மாவட்டம் கூடலூர். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. எங்கள் பக்கம் திராட்சைப் பந்தலில் பறவை இறங்காமலிருக்க நைலான் வலை விரிப்பார்கள். அறுப்பு முடிந்ததும் சிலர் அதை வரப்பிலேயே சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். எலி தேடி வரும் சாரைப்பாம்பு தலையை நுழைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. செதிலில் நூல் மாட்டி, இழுக்க இழுக்கச் சதையை அறுக்கும். சாரைக்கு விஷமே கிடையாது. அது இருந்தால்தான் தோட்டத்தில் எலி அடங்கும்.

இதைப் படமெடுத்து விவசாயிகளிடம் காட்ட வேண்டும். கூடவே கிழிந்த வலை, துருப்பிடித்த கவாத்துக் கத்தரி என்று பொருட்களையும் தனித்தனியாக எடுக்கிறேன்.

கையில் இருப்பது கேனான் 1500டி கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ். பந்தலுக்கடியில் வெளிச்சம் குறைவு. ஆட்டோஃபோகஸ் முன்னாலிருக்கும் நூலைப் பிடித்துக்கொள்ள, வலையில் சிக்கிய சின்னான் குருவியின் கண் படத்தில் மங்கிவிடுகிறது. ஏற்கெனவே மிரண்டு கிடப்பதன் மேல் ஃபிளாஷ் அடிக்க மனசு வரவில்லை. ஓரிரு படம், உடனே வலையை அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எதுவரை ஏற்றலாம்? குறைந்த வெளிச்சத்துக்குப் பழைய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் போதுமா, மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ்தான் வேண்டுமா?

அப்புறம், இதுதான் முக்கியம்: சாரையின் கழுத்தில் இறுகிய நூலை வெட்ட எந்தக் கத்தரி சரி? நல்லபாம்பு, விரியன் என்றால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுவோம். கம்பம், உத்தமபாளையம் பக்கம் பாம்பு பிடித்துப் பழகிய அண்ணன்மார் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கற்றுக்கொள்கிறேன்.