குழந்தை அறைக்குச் சுண்ணாம்பா, ‘ஜீரோ விஓசி’ எமல்ஷனா?

கயல்:
இன்னும் மூன்று மாதத்தில் எங்களுக்கு முதல் குழந்தை. அதற்குள் மாடி அறையைத் தயார் செய்ய வேண்டும். போன வருடம் ஓர் அலமாரிக்கு எனாமல் அடித்துவிட்டு ஒரு வாரம் தலைவலியோடு கிடந்தேன், அதனால் இந்த முறை பயமாக இருக்கிறது. சுவரில் இருப்பது பழைய பிளாஸ்டிக் எமல்ஷன். வெளிப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. தெரிந்தவர்கள் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள். கடைக்காரர், ஆவியாகும் ரசாயனமே இல்லாத ‘ஜீரோ விஓசி’ பெயின்ட் என்று ஒரு டப்பாவைக் காட்டுகிறார். கணவருக்கு ஒரு சுவரில் மட்டும் வால்பேப்பர் ஒட்ட ஆசை. எதை நம்புவது?

வெண்சுவர்:
சுண்ணாம்புதான், சகோதரி. என் வீட்டில் எல்லா அறைக்கும் அதுதான். நீற்றிய சுண்ணாம்பும் தண்ணீரும் போதும், வேறொன்றும் வேண்டாம். அது காய்வது வெறும் ஈரம் போவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. புதுப் பூச்சின் காரத்தன்மை (pH) 12-க்கு மேல் இருப்பதால் பூஞ்சை அதில் காலூன்ற முடியாது.

எமல்ஷனைப் பற்றிக் கடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீரில் கரைத்த பெயின்ட் டப்பாவுக்குள்ளேயே கெட்டுப்போகாமலிருக்க அதில் கிருமிநாசினி சேர்ப்பார்கள். பெரும்பாலும் ஐசோதயசோலினோன் வகை. அடித்த பிறகும் பல நாள் அது அறைக் காற்றில் கலந்துகொண்டிருக்கும். அதற்கு ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த அறைக்குள் நுழைந்தாலே முகம் சிவந்து அரிக்கும். சுண்ணாம்புக்கு அந்த மருந்தே தேவையில்லை, அதன் காரமே காவல்.

தூரிகைக்காரன்:
இருபது வருடமாகப் பெயின்ட் வேலை செய்கிறேன். வெண்சுவர் அண்ணன் சொன்ன குணமெல்லாம் உண்மை. ஆனால் அந்த அம்மா சொன்ன முக்கியமான சேதியை அவர் தாண்டிப் போய்விட்டார். சுவரில் இருப்பது பிளாஸ்டிக் எமல்ஷன். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, செதில் செதிலாக உரியும். அடிக்க வேண்டுமென்றால் பழைய பூச்சைக் காரை தெரியும்வரை சுரண்டியெடுக்க வேண்டும். அந்தத் தூசி எவ்வளவு என்று அடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், தவழும் குழந்தை சுவரைத் தடவும், சாயும், நக்கும். சுண்ணாம்பு கையோடு வரும், ஈரத்துணியால் துடைக்கவும் முடியாது. ஒட்டி நிற்கட்டும் என்று பசையைக் கலப்பார்கள். கலந்தால், ஈரம் வெளியேறச் சுவர் மூச்சுவிடும் என்று சுண்ணாம்புக்குச் சொல்லும் பெருமையில் பாதி போய்விடும். இந்த அறைக்கு விஓசி குறைந்த நல்ல எமல்ஷன் போதும் என்பது என் கருத்து.

வெண்சுவர்:
கையோடு வருவது கெட்டியாக அடிப்பதால். பால் போல் நீர்க்கக் கரைத்து, சுவரை முதலில் நனைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு நான்கைந்து கோட் அடித்துப் பாருங்கள். அவசரப்படுகிறவர்கள்தான் சுண்ணாம்பைப் பழிக்கிறார்கள். எமல்ஷனின் பிசின் பிளாஸ்டிக்தானே? தூரிகை கழுவிய தண்ணீரோடு அது சாக்கடைக்குப் போகிறது. அதையும் கணக்கில் எடுங்கள்.

தூரிகைக்காரன்:
எடுக்கிறேன். நீங்களும் சூளையைக் கணக்கில் எடுங்கள். சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரியில் சுட்டால்தான் சுண்ணாம்பு. கல்லிலிருந்து வெளியேறும் வாயுவைச் சுவர் மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும், சரி. எரிபொருள் விட்ட புகையை யார் வாங்குவது? எமல்ஷன் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அதிலிருக்கும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடு தயாரிக்கவே ஏகப்பட்ட மின்சாரமும் வெப்பமும் செலவாகிறது. ஆனால் ஒருமுறை ஒழுங்காக அடித்தால் பல வருடம் மறுபடி டப்பா திறக்க வேண்டாம்.

ஆய்வகத்தான்:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு திருத்தம். விஓசி என்பது அறை வெப்பத்திலேயே ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். ‘ஜீரோ’ என்றால் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். லிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். அதுவும் பெரும்பாலும் வெள்ளை அடிப்படைப் பெயின்டுக்குத்தான். அடர்ந்த நிறம் கேட்டு மெஷினில் நிறக்கலவை சேர்த்தால் எண்ணிக்கை ஏறலாம். ஆகவே வெளிர் நிறமாக எடுங்கள்.

அளவு தெரிய ஒரு ஒப்பீடு. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல், தண்ணீரில் கரையும் பளபளப்பில்லாத உட்சுவர்ப் பெயின்டுக்கு லிட்டருக்கு 30 கிராம்தான் உச்சம் என்று வைத்திருக்கிறது. எனாமல் போன்ற, கதவு ஜன்னலுக்கான கரைப்பான் வகைப் பெயின்டுக்கு 300. கயலின் தலைவலிக்குக் காரணம் அந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். அதை வைத்துச் சுவர்ப் பெயின்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, அறைக் காற்றுக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு. அமெரிக்க விஓசி விதிகள் புகைமூட்டத்தைக் குறைக்க வந்தவை. அதனால்தான், எளிதில் ஆவியானாலும் புகைமூட்டத்துக்கு அதிகம் காரணமாகாத அசிட்டோன் என்ற கரைப்பானை 1995-ல் அந்தக் கணக்கிலிருந்தே விலக்கினார்கள். அடித்த பெயின்டை மூடிய சோதனைக் கூண்டில் வைத்து 28 நாள் வரை காற்றை அளந்து கொடுத்த சான்றிதழ் இருந்தால் அதைக் கேளுங்கள், முன்பக்க எழுத்தை அல்ல.

காகிதப்பூ:
வால்பேப்பரை யாருமே பேசவில்லையே! வினைல் என்ற பிளாஸ்டிக் பூசாத வெறும் காகிதம், மாவுச்சத்துப் பசை. எங்கள் படுக்கையறையில் ஒட்டி ஐந்து வருடமாகிறது, ஒரு நாற்றமும் இல்லை.

தூரிகைக்காரன்:
ஓதமில்லாத சுவரில் காகிதம் நல்லதுதான், நானும் ஒட்டியிருக்கிறேன். ஓதச் சுவரில் மட்டும் கூடவே கூடாது. அங்கே மாவுப் பசை பூஞ்சைக்குச் சோறு. வினைல் ஒட்டினால் இன்னும் மோசம், ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னாலேயே நிற்கும். ஒரு வீட்டில் வினைல் தாளின் மூலையைப் பிடித்து இழுத்தேன். முன்பக்கம் அப்படியே புதுசு. பின்பக்கம் முழுக்க கரும்புள்ளி, கொழகொழவென்று. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் கட்டில் போட்டிருந்தார்கள்.

ஆய்வகத்தான்:
பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1775-ல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த ஆர்செனிக் கலந்த பச்சை நிறமியை 19-ஆம் நூற்றாண்டில் வால்பேப்பருக்கு வாரி இறைத்தார்கள். ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை அந்த ஆர்செனிக்கை வாயுவாக மாற்றியது என்பதை கோசியோ என்ற இத்தாலியர் அந்த நூற்றாண்டின் கடைசியில் காட்டினார். இன்றைய தாளில் ஆர்செனிக் இல்லை, ஆனால் ஈரமும் பூஞ்சையும் அதேதான்.

கயல், அந்த அறைக்குப் புதிதாக மரச்சாமான் வாங்குகிறீர்களா? பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்தது) பலகைகளை ஒட்டும் யூரியா பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். புற்றுநோய்க்கான சர்வதேச ஆய்வு முகமை 2004-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. வெக்கையும் ஈரமும் கூடினால் அதிகமாகவே வரும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். பெயின்டைப் பற்றி இவ்வளவு சண்டை போட்டுவிட்டு, விளிம்பு மூடாத பிளைவுட் அலமாரியை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்.

கயல்:
அலமாரி ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. விளிம்பையெல்லாம் மூடித் தரச் சொல்கிறேன், இரண்டு மாதம் வேறு அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறோம். இன்னொரு விஷயம். நேற்று ஜன்னல் சட்டத்தில் நகத்தால் ஒரு பொட்டுச் சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே கெட்டியான பச்சை எனாமல். வீடு ஐம்பது வருடம் பழையது.

தூரிகைக்காரன்:
அம்மா, இனி அதில் கை வைக்காதீர்கள். நீங்கள் சுரண்டவே கூடாது. பழைய மஞ்சள், பச்சை எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது மாவாகப் பறந்து தரையில் படியும், குழந்தை தவழுவதும் அங்கேதான். முதலில் ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

வெண்சுவர்:
இதில் தூரிகைக்காரரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். உட்சுவரில் ஈய வெள்ளைப் பூச்சைத் தடுக்க 1921-லேயே உலகத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் எத்தனையோ நாடுகளில் அடித்துக்கொண்டேயிருந்தார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சோதனையில் ஈயம் தெரிந்தால், பூச்சு உரியாமல் உறுதியாக இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் மேலே நல்ல பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். உரியும் இடத்தைத் தெரிந்த ஆள் ஈரமாக வைத்து எடுக்கட்டும். நீங்கள் அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

தூரிகைக்காரன்:
ஓதச் சுவருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு அடிக்கு இரண்டு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் மேற்பக்கம் துளி நின்றால் அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் துளி நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

கயல்:
கணவர் ஒட்டிப் பார்த்தார். துளி சுவர்ப் பக்கம்தான். குளியலறைக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஜன்னல் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது.

தூரிகைக்காரன்:
அப்படியானால் பெயின்ட் டப்பா எதையும் இப்போது வாங்காதீர்கள். குழாயைச் சரி செய்து, கொப்பளித்த பூச்சை எடுத்து, சுவரைக் காய விடுங்கள். அதிலும் ஈயம் இருக்கலாம், ஈரமாகவே எடுக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று சுவருக்கும் என் ஓட்டு எமல்ஷனுக்கே. இந்த ஒரு சுவரை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

வெண்சுவர்:
வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சுவரில்தான் எப்படியும் காரை வெளியே தெரியப்போகிறது. காய்ந்ததும் சொல்லுங்கள், எவ்வளவு நீர்க்கக் கரைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். கலக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து.